புள்ளி உதிர்ந்த பிறகு

ஒஸ்ட்ராவாவில் பிப்ரவரி.
ஏழாம் மாடிக் குளியலறையில்
துவைக்கும் இயந்திரத்தின் மேல்
முப்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி.
மணல் இல்லை, செடி இல்லை.
ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய்,
குமிழி விடும் கறுப்புப் பஞ்சு,
பன்னிரண்டு மீன்கள்.

இயந்திரம் அதிரும் என்பதால்
டிராம் ஓட்டும் சீருடையை
வாளியில் அலசிப் பிழிகிறேன்.

லுபோர்தான் கொண்டுவந்தான் அந்தக் கவுராமியை.
கடை மூலையில் தனியாக நின்றதாம்,
வால் கிழிந்து.
நான் இரவுப் பணியில் இருந்தேன்.
பையை அவிழ்த்து
நேரே பெரிய தொட்டியில் விட்டுவிட்டுத்
தூங்கப் போயிருக்கிறான்.
ஆறாம் நாள்
ஒரு கை ரவையை யாரோ இறைத்ததுபோல்
நியான் மீன்களின் மேலெல்லாம் வெள்ளை.

அவனுக்குப் பகல், எனக்கு இரவு.
பீர் கிடங்கிலிருந்து அவன் வரும்போது
நான் பணிமனையில்.
பேச்சு எல்லாம் குளிர்பெட்டிக் கதவில், காகிதத்தில்:
பால் வாங்கு. வாடகை கட்டியாயிற்று.
இப்போது எண் மட்டும் எழுதுகிறேன்.
12.
மறுநாள் 11.
அதற்குக் கீழே அவன் ஒரு கேள்விக்குறி.
நான் பதில் எழுதவில்லை.

சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும்,
ஒரு நாளைக்கு ஒரு டிகிரி.
வெந்நீரில் மூச்சு குறையும், காற்றைக் கூட்டு.
மருந்து பாதி அளவுதான்,
நியானுக்கு முழு அளவு ஆகாது.
நீலத்தை எண்ணி விடுகிறேன்
நான்கு, ஐந்து, ஆறு சொட்டு;
தண்ணீருக்குள் ஒரு புகை கலைகிறது.
என் விரல் நகமெல்லாம் நீலம்.
சந்தை நிறுத்தத்தில் ஏறிய கிழவர்
கையைப் பார்த்துக் கேட்டார்:
வீட்டுக்கு வண்ணம் பூசுகிறாயா?
ஆமாம் என்றேன்.

ஐந்தாம் நாள் காலை
புள்ளி ஒன்றுகூட இல்லை.
மீன்கள் கழுவி வைத்ததுபோல் மின்னின.
காகிதத்தில் அவன் எழுத்து, பெரிதாக:
சரியாகிவிட்டது! பெரிய தொட்டிக்கு மாற்று!

இல்லை லுபோர்.
புள்ளி உதிர்ந்தால் போய்விட்டதென்று ஆகாது.
அடியில் விழுந்து, ஒட்டிக்கொண்டு,
ஒன்று நூறாகப் பிளந்துகொண்டிருக்கிறது.
உடம்பில் இருக்கும்வரை மருந்து தொடாது.
ஓட்டுக்குள் இருந்தாலும் தொடாது.
வெளியே வந்து இன்னோர் உடம்பைத் தேடி நீந்தும்
அந்தச் சில மணிநேரம் மட்டும்தான் சாகும்.
அதுவரை
அழகாக இருக்கும் மீன்களுக்கு
மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதக் காகிதத்தில் இடமில்லை.
"கூடாது" என்று எழுதினேன்.

9.
9.
7.
செத்தவை எல்லாம் பழையவை,
ஆறு வருடம் எங்களோடு இருந்தவை.
கிழிந்த வாலோடு வந்தது
குழாய்க்குள்ளிருந்து தலையை நீட்டி
என் நீல விரலைக் கடிக்கப் பார்க்கிறது.
அதற்கும் அதே சொட்டு, அதே அளவு.
ஒரு நாள் அதைத் தவிர்த்துவிட முடியுமா என்று
நினைத்தேன்.
ஒரே தண்ணீரில் அது எப்படி முடியும்.

பனிரண்டாம் நாள், இரவுப் பணி முடிந்து வந்தால்
கூடத்தில் பெரிய தொட்டியின் விளக்கு எரிகிறது.
மீன் இல்லாத தொட்டி. செடிகள் மட்டும்.
வேலைக்குப் போகாமல்
காலுறையோடு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

"இதற்குள் இப்போது என்ன இருக்கிறது, ஸ்தென்கா?"

"கண்ணுக்குத் தெரியாதவை.
மீனைத் தேடி நீந்தும்.
கிடைக்காவிட்டால் இரண்டு நாளில் செத்துவிடும்."

"பசியிலா?"

"பசியிலதான்."

அவன் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.
பிறகு எழுந்துபோய்ச் சட்டைக் கையை மடித்து
வாளியில் கிடந்த என் சீருடையைப் பிழிய ஆரம்பித்தான்.
தண்ணீர் லேசான நீலமாக வந்தது.

நான் பேனாவை எடுத்து
7 என்று எழுதினேன்.
கீழே, சிறியதாக:
மாலையில் பாதித் தண்ணீர் மாற்று. முப்பது டிகிரி.
ஆறு சொட்டு.